கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் ஒரு காலை: முதன்முறை பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

மலேசியத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குப் பறவை பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை. அப்பா பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்பும் இருட்டிலேயே லயத்துக்குப் பின்னால் கருங்குருவி பாடத் தொடங்கிவிடும். செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டைக்குள்ளிருந்து செண்பகம் 'ஊப்... ஊப்' என்று அடித்தொண்டையில் குரல் கொடுத்தால், இன்றைக்கு மழை என்பார் தாத்தா. ஆனால் வளர்ந்த பிறகு அதே ஆட்களைப் பூங்காவுக்குக் கூப்பிட்டால், "எனக்கு அதெல்லாம் தெரியாதுப்பா, அது படிச்சவங்க வேலை" என்று பின்வாங்குகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பத்துப் பறவைகள் போதும். மற்றதை எல்லாம் அவற்றை வைத்தே அளந்துகொள்ளலாம்.

கோலசிலாங்கூரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் தோட்டம்தான். இதே மாவட்டத்தில் பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) பக்கமுள்ள தென்னமாரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். கடற்கரையோரம் தோட்டமாகாமல் எஞ்சிய அலையாத்திக் காட்டின் ஒரு துண்டு, புக்கிட் மெலாவத்தி குன்றின் அடியில் இருக்கிறது. அதுதான் தாமான் ஆலாம், நமது இயற்கைப் பூங்கா. 1987இல் தொடங்கியது. இதுவரை 150க்கும் மேற்பட்ட பறவை வகைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. ஒரே காலையில் 30 பார்த்துவிட்டால் மிக நல்ல நாள். முதல்முறை போகிறவருக்கு 15 போதும்.

போவதற்கு ஒரு வாரம் முன்பு: வீட்டு வாசலில் பயிற்சி

இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். பூங்காவுக்குள் நுழைந்ததும் திணறுகிறவர்கள் எல்லாரும் இதைச் செய்யாமல் வந்தவர்கள்தான். காலையில் தேத்தண்ணீர் கையில் இருக்கும் பத்து நிமிடம், வாசலில் நின்று கீழ்க்கண்டவற்றை மட்டும் கவனித்துப் பழகுங்கள்.

தேன்சிட்டு கட்டை விரல் அளவு. சின்னான் அதைவிடப் பெரிது. நம் ஊரில் எங்கும் திரிவது வாலடி மஞ்சளாக இருக்கும் வகை. அடுத்து மைனா. அதற்கு மேல் புள்ளிப்புறா, அப்புறம் காக்கை, கடைசியாகப் பருந்து. இந்த ஆறும் உங்கள் அளவுகோல். பூங்காவில் தெரியாத ஒன்றைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது "இது மைனாவைவிடப் பெரிதா, சிறிதா?" என்பதுதான். நிறத்தை அப்புறம் பார்க்கலாம். நிழலில் நிறம் ஏமாற்றும், அளவு அவ்வளவு ஏமாற்றாது.

மைனாவிலேயே இரண்டு உண்டு, அதையும் பிரித்துப் பாருங்கள். பழுப்பு உடம்பும் கண்ணைச் சுற்றி மஞ்சள் தோலும் இருந்தால் சாதாரண மைனா. உடம்பு முழுக்கக் கருஞ்சாம்பலாக, மூக்கின் மேல் சிறு குடுமி நிமிர்ந்து நின்றால் ஜாவா மைனா. இந்த இரண்டையும் தயங்காமல் பிரிக்க வந்துவிட்டதா? கண் பழகிவிட்டது என்று அர்த்தம்.

காக்கையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். திதி அன்று நாம் சோறு வைத்துக் கூப்பிடும் இந்தச் சாம்பல் கழுத்துக் காக்கை இந்த மண்ணின் பறவை அல்ல. 1900ஆம் ஆண்டை ஒட்டி, கிள்ளான் பகுதிக் காப்பித் தோட்டங்களில் புழுத் தொல்லையைக் குறைக்க இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, காக்கை மட்டும் தங்கிவிட்டது. முன்பு குளிர்கால விருந்தாளியாக வந்துபோன குயிலும், காக்கைக் கூடு தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு இங்கேயே முட்டையிட்டுத் தங்கிவிட்டது. தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்கள் நாம் மட்டுமல்ல என்று நினைக்கும்போது எனக்கு அந்தக் காக்கை மேல் தனிப் பிரியம் வருகிறது.

நாளும் நேரமும்

செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். சைபீரியா, வட சீனா பக்கம் குளிர் இறங்கும்போது அங்கிருந்து கிளம்பும் பறவைகள் நம் மேற்குக் கரையின் சேற்றில் இறங்கி இரை தேடும். மற்ற மாதங்களிலும் போகலாம், உள்ளூர்ப் பறவைகள் எப்போதும் இருக்கும்.

காலை 7 மணி முதல் 9.30 வரை பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால் எல்லாம் இலைக்குள் அடங்கிவிடும். ஒரு முறை அத்தை குடும்பத்தை மதியம் பன்னிரண்டு மணிக்கு அழைத்துப் போனேன். அன்றைக்குப் பார்த்தது இரண்டு கொக்கும் ஒரு உடும்பும்தான். பிள்ளைகள் வெயிலில் வாடிப்போனார்கள், அது என் தவறு. பூங்கா திறக்கும் நேரத்தை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். முன்னதாக வந்துவிட்டாலும் பரவாயில்லை, வெளியே குன்றடி மரங்களிலேயே தொடங்கிவிடலாம்.

கடல் ஏற்ற இறக்கமும் முக்கியம், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் கரையில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். இன்றைக்கு ஏறிய நேரத்தைவிட நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி ஏறும். நீர் முழுக்க இறங்கியிருந்தால் சேற்றுவெளி வெகு தூரம் விரிந்து, பறவைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். நீர் ஏறிக்கொண்டே வரும்போது அவை கரைப் பக்கம் ஒதுங்கும். நீரேற்ற அட்டவணையைப் பார்த்து, 9 அல்லது 10 மணிக்கு நீர் ஏறி முடியும் நாளாகத் தேர்ந்தெடுங்கள்.

கையில் என்ன வேண்டும்

பைனாகுலர் வாங்குவதானால் 8x42 என்று எழுதியிருப்பதைக் கேளுங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். பத்து மடங்கு இன்னும் நல்லது என்று கடைக்காரர் சொல்லலாம். ஆனால் அலையாத்திக் காட்டு நிழலில் உங்களுக்கு வேண்டியது வெளிச்சமும் கை நடுக்கம் தெரியாத படமும்தான், அதற்கு எட்டே பொருத்தம். வாங்க வசதி இல்லையென்றால் இல்லாமலே வாருங்கள். குளக்கரையில் வெறுங்கண்ணுக்கே நிறையக் கிடைக்கும்.

மங்கலான நிறத்தில் கையை மூடிய சட்டை, பழைய கேன்வாஸ் சப்பாத்து, தண்ணீர், சிறு நோட்டுப் புத்தகம், பென்சில். கொசு மருந்தை வீட்டிலேயே பூசிக்கொண்டு வாருங்கள். அலையாத்திக் கொசு பகலிலும் விடாது. கைத்தொலைபேசியில் மெர்லின் செயலியை வைத்துக்கொண்டால், எடுத்த படத்தை இரவில் சரிபார்க்க உதவும். நடக்கும்போது அதையே பார்த்துக்கொண்டிருந்தால் பறவை பறந்துவிடும். தின்பண்டத்தைப் பைக்குள் போட்டு மூடுங்கள். நெகிழிப்பை சலசலத்தால் நீள்வால் குரங்கு வந்து பிடுங்கிவிடும்.

முதல் கட்டம்: வாசலிலிருந்து குளம் வரை

வாசலைத் தாண்டியதும் பத்து நிமிடம் நடக்காதீர்கள். நில்லுங்கள். நான் பெரியவர்களிடம் சொல்வது இதுதான்: "மாமா, கோயிலில் தீபாராதனைக்கு நிற்கிற மாதிரி நில்லுங்க." முதல் இரண்டு நிமிடம் எதுவும் நடக்காது. மூன்றாவது நிமிடத்தில் காடு உங்களை மறந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கும்.

முதலில் காதில் விழுவது பெரும்பாலும் தையல்சிட்டாக இருக்கும். தேன்சிட்டு அளவே உள்ள உடம்பிலிருந்து இத்தனை பெரிய சத்தமா என்று தோன்றும். வீட்டுத் தோட்டத்தில் பார்க்கும் தையல்சிட்டுக்கு முதுகு பச்சை, நெற்றி செம்பழுப்பு. இங்கே அலையாத்திப் பக்கம் இருப்பதற்கு உடம்பு சாம்பல், முகம் முழுக்கத் துரு நிறம். இரண்டுமே இலையைத் தைத்துத்தான் கூடு கட்டும். ஒரு முறை பாதையோரத்தில் தாழ்ந்த கிளையில் ஒரு பழைய கூட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இரண்டு இலைகளின் ஓரத்தில் ஊசி குத்தினாற்போல வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் சிலந்தி நூலும் பஞ்சும் சேர்த்து முறுக்கிய இழை. அது அவிழாதபடி வெளிப்பக்கம் சிறு பொட்டாகத் திரண்டிருந்தது. ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கும் என் அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெகு நேரம் பேசவில்லை.

மரத்தில் 'டக் டக்' என்று கேட்டால் தண்டின் மறுபக்கம் பாருங்கள். முதுகு பொன்னாக மின்னும் மரங்கொத்தி உங்களைக் கண்டால் தண்டைச் சுற்றிப் பின்னால் போய்விடும். அசையாமல் நின்றால் சற்று உயரத்தில் மறுபடி எட்டிப் பார்க்கும். வாலை விசிறியாக விரித்து இங்கும் அங்கும் திரும்புவது விசிறிவால் குருவி, இதைத் தேட வேண்டியதில்லை, தானே முன்னால் வந்து ஆடும். ஆலமர வகையில் பழம் பழுத்திருந்தால் பச்சைப்புறா இருக்கும். ஆணுக்குக் கழுத்து இளஞ்சிவப்பு, மார்பு ஆரஞ்சு. இருந்தும் இலைக்குள் உட்கார்ந்தால் பழம் கீழே விழும் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

வெள்ளிச் சாம்பல் நிற லோத்தோங் குரங்குகளையும் இங்கே பார்ப்பீர்கள். சாதுவானவை. குட்டி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். உணவு கொடுக்காதீர்கள், அவற்றின் வயிறு இலைக்கென்று அமைந்தது.

இரண்டாம் கட்டம்: குளக்கரை

இங்கே குறைந்தது முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். உவர்நீர்க் குளம், கரையில் மறைந்து பார்க்கும் கோபுரம். கோபுரத்தில் ஏறினால் குரலைத் தாழ்த்துங்கள்.

கொக்குகளைப் பிரிப்பது எளிது. பெரியது கழுத்தை 'எஸ்' போல மடித்திருக்கும். சின்ன வெள்ளைக்கொக்குக்கு மூக்கு கறுப்பு. சாம்பல் உடம்பில் ஆள் இடுப்பளவு உயரம் நிற்பது சாம்பல் நாரை. மரக்கிளையில் கூன் போட்டுக் கூட்டமாகத் தூங்குவது வக்கா என்னும் இராக்கொக்கு. பைனாகுலரில் கண்ணைப் பாருங்கள், குங்குமச் சிவப்பு. பொழுது சாய்ந்து கிளம்பும்போது 'வக்' என்று கத்துவதால்தான் அந்தப் பெயரே. நீரோரப் புதரில் முகமும் மார்பும் வெள்ளையாக, வாலைத் துடுக்கென்று ஆட்டி நடப்பது கம்புள் கோழி. மலாய்க்காரர்கள் அதன் குரலை வைத்தே 'ருவாக் ருவாக்' என்கிறார்கள். பூங்கா ஊழியரிடம் பேசுவதற்கு இப்படி நான்கு மலாய்ப் பெயர்கள் தெரிந்திருப்பது கைகொடுக்கும். மீன்கொத்திக்கு 'ராஜா ஊடாங்', இறால் ராஜா. மரங்கொத்தி 'பெலாத்தோக்', செண்பகம் 'பூபூட்', கழுகு 'ஹெலாங்'. "அபாங், ஹாரி இனி அடா ராஜா ஊடாங்?" (அண்ணே, இன்றைக்கு மீன்கொத்தி இருக்கிறதா?) என்று கேட்டால் முகம் மலர்ந்து எந்தக் கிளை என்று காட்டுவார்கள்.

மீன்கொத்திதான் இந்தப் பூங்காவில் முதல்நாளே மனத்தில் ஒட்டிக்கொள்ளும் பறவை. நான்கு வகையைப் பிரிக்கக் கற்றுக்கொண்டால் போதும். தலை சாக்லேட் நிறம், மார்பு வெள்ளை, மூக்கு சிவப்பு என்றால் வெண்மார்பு மீன்கொத்தி, தோட்டத்துக் கால்வாயிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். தலை கன்னங்கரேல், கழுத்து வெள்ளை, முதுகு ஊதா கலந்த நீலம், வயிறு துரு நிறம் என்றால் கருந்தலை மீன்கொத்தி, இது குளிர்கால விருந்தாளி. தலை மங்கல் பழுப்பு, உடம்பு மஞ்சள் கலந்த ஆரஞ்சு, நாரையைப் போல மொத்தமான சிவப்பு மூக்கு, அளவில் புறாவைவிடப் பெரிது என்றால் பெரிய மீன்கொத்தி. நான்காவதுதான் இங்கே அதிகம்: முதுகு கடல்நீலம், வயிறும் கழுத்துப்பட்டையும் தூய வெள்ளை, மூக்கு கறுப்பு. 'கெக்-கெக்-கெக்' என்று யாரோ திட்டுவது போலக் கத்தும்.

இது மீனைவிட நண்டைத்தான் அதிகம் தேடும். சென்ற டிசம்பரில் பலகைப் பாதைக் கைப்பிடியில் ஒன்று, எனக்கு ஏழெட்டு அடி தூரத்தில், வாயில் சிறு நண்டோடு வந்து உட்கார்ந்தது. தலையை வலப்பக்கம் வீசி நண்டைக் கைப்பிடியில் அடித்தது. ஒரு கால் தெறித்தது. வாயில் திருப்பிப் பிடித்து இடப்பக்கம் ஒரு அடி. இப்படி ஒன்பது பத்து முறை. பெரிய கொடுக்கு கடைசியாகக் கழன்று சேற்றில் விழுந்த பிறகுதான் விழுங்கியது. அது பறந்துபோனதும் கைப்பிடியைப் பார்த்தேன், அடித்த இடத்தில் ஈரமும் சிறு ஓட்டுத் துண்டுகளும் ஒட்டியிருந்தன. பக்கத்திலேயே பழைய ஓடுகள் காய்ந்து கிடந்தன. அது அதன் வழக்கமான இடம். இப்படி ஓட்டுத் துண்டு கிடக்கும் கைப்பிடியைக் கண்டால் பின்வாங்கிப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள், வரும்.

குளத்து மேல் வானத்தையும் அவ்வப்போது பாருங்கள். கும்பாபிஷேகத்தில் வட்டமிட மாட்டாரா என்று நாம் அண்ணாந்து தேடும் கருடன் இங்கே நாள்தோறும் வருகிறார்: செம்பழுப்பு உடம்பு, வெள்ளைத் தலை. அதைவிடப் பெரிதாக, அடிப்புறம் வெள்ளையும் சாம்பலுமாக, குட்டை ஆப்பு வாலோடு மிதந்தால் அது கடற்கழுகு.

மூன்றாம் கட்டம்: பலகைப் பாதையும் சேற்றுவெளியும்

பலகைப் பாதை சில சமயம் பழுதுபார்ப்பில் மூடியிருக்கும், வாசலிலேயே கேட்டுவிடுங்கள். திறந்திருந்தால் மெதுவாக, குதிகால் படாமல் நடங்கள். பலகை அதிர்ந்தால் சேற்றில் இருக்கும் எல்லாவற்றுக்கும் தெரிந்துவிடும்.

இங்கே தேட வேண்டிய அரிய பறவை அலையாத்தி ஆறுமணிக் குருவி. தமிழ்நாட்டில் காலை ஆறு, மாலை ஆறு என்று கூவும் ஆறுமணிக் குருவியின் உறவு இது. மைனாவைவிடச் சிறிது, வால் இல்லாதது போலக் குட்டை. தொண்டை வெள்ளை, கண்ணில் கறுப்புப் பட்டை, சிறகில் மின்னும் நீலம், வயிற்றடி சிவப்பு, நண்டு உடைக்கத் தோதாக மூக்கு மட்டும் பெரிது. இத்தனை நிறமும் சேற்று நிழலில் கரைந்துபோகும். சேற்று இறால் எழுப்பிய மண்மேடுகள் முழங்கால் உயரம் புற்றுப் போல நிற்கும். அந்த மேடுகளின் உச்சியைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இரண்டு அசைச் சீழ்க்கை ஒன்று கேட்டால் நின்றுவிடுங்கள்.

கைத்தொலைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் வேறொன்று வந்துவிட்டது என்று நம்பி, இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு அது ஓடி வருகிறது. எனக்கு அதைப் பார்க்க ஐந்து பயணம் ஆனது. ஐந்தாவது முறை அது மேட்டில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்த அந்தச் சில நொடி இன்னும் கண்ணில் இருக்கிறது.

சேற்றுவெளிக்கு வந்தால் சிவப்புக் காலோடு ஓடும் பவளக்காலி, வளைந்த நீள மூக்கைச் சேற்றில் விட்டுத் துழாவும் கோட்டான், பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டும் உள்ளான். இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மற்றவை அடுத்த ஆண்டுக்கு. ஆள் நெஞ்சளவு உயரத்தில், வழுக்கைத் தலையோடு நிற்பது போதா நாரை. வெள்ளை உடம்பும் மஞ்சள் மூக்குமாக நாரை கண்டால் கவனமாகப் பாருங்கள். அருகிவரும் பால்வெண் நாரையைத் தேசிய விலங்கியல் பூங்காவில் பெருக்கி இங்கே விடும் முயற்சி முன்பு நடந்தது. இப்போது தென்படுபவற்றில் சில மஞ்சள்மூக்கு நாரையோடு கலந்தவை. இறகில் இளஞ்சிவப்புப் பூச்சோ மார்பில் கறுப்புத் திட்டோ இருந்தால் கலப்பாக இருக்கலாம், அப்படியே எழுதி வையுங்கள்.

எழுதுவது எப்படி

தேதி, நேரம், நீர் ஏறுகிறதா இறங்குகிறதா, இடம். பிறகு பறவை. பெயர் தெரியாவிட்டால் நான்கே விவரம்: எதன் அளவு, மூக்கு எப்படி, என்ன செய்துகொண்டிருந்தது, குரல். "மைனா அளவு, கறுப்பு மூக்கு, நண்டு அடித்தது, திட்டுவது போலக் குரல்" என்று எழுதினால் போதும், இரவில் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். "அழகான நீலக் குருவி" என்று எழுதினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. குரலைத் தமிழிலேயே எழுதுங்கள். நம் எழுத்தில் 'ட்ரீ', 'சிவிக்', 'ஊப்' என்று காதில் விழுந்தபடி எழுத வசதி இருக்கிறது.

திரும்பும் வழியில்

நோட்டை மூடிவிடாதீர்கள். புக்கிட் ரோத்தான் பக்கம் தோட்டச் சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். மாடு மேயும் இடத்தில் உண்ணிக்கொக்கு இருக்கும். புதிதாக நட்ட இளஞ்செம்பனை மேல் ஒரு பருந்து ஒரே இடத்தில் சிறகடித்து நின்றால் அது கருந்தோள் பருந்து, எலி பார்க்கிறது.

செம்பனைகளுக்கு நடுவே கம்பத்தில் நிற்கும் மரப்பெட்டிகள் கூகைக்கு வைத்தவை. 1960களின் பிற்பகுதி வரை தீபகற்பத்தில் கூகை அரிது. செம்பனையோடு எலி பெருகியது, எலியோடு கூகையும் பெருகியது, பிறகு தோட்டங்களே பெட்டி வைத்து அதை வரவழைக்கத் தொடங்கின. கூகை அலறினால் கெட்ட சகுனம் என்று என் பாட்டி விளக்கைத் தூண்டிவிடுவார். சித்தப்பா பழம் வெட்டும் தோட்டத்தில் ஒரு பெட்டிக்கு அடியில் கிடந்த, கூகை கக்கிய உருண்டை ஒன்றைக் குச்சியால் பிரித்துக் காட்டினேன். சாம்பல் மயிருக்குள் மூன்று எலித் தலைகள், மஞ்சள் பற்களோடு முழுசாக இருந்தன. சித்தப்பா குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்து எண்ணினார். "ஒரு ராத்திரிக்கா?" என்றார். அடுத்த சனிக்கிழமை காலை ஆறரைக்கு, பைனாகுலரை நான் எடுத்து வைப்பதற்குள், அவர் வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டு நின்றார்.